தோரோ குறித்துவைத்த நாள்களும் இன்றைய வால்டனும்

தோரோவின் ‘வால்டன்’ நூலைப் படித்துவிட்டு, அடுத்த மே மாதம் பாஸ்டனுக்குச் செல்லும்போது அந்த ஏரியையும் அதைச் சூழ்ந்த காட்டையும் பார்க்க விரும்பும் ஒருவர், அவை இன்றும் நூலில் உள்ளபடியே இருக்குமா என்று கேட்டிருக்கிறார். பருவநிலை மாற்றத்தால் அந்த இடம் மாறிவிட்டது என்கிறார்களே, 170 ஆண்டுகளுக்கு முன் அங்கு எது எப்படி இருந்தது என்பதை இன்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்பது அவருடைய இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைத் தெளிவாக்கினால் முதல் கேள்விக்கான விடை பெருமளவு கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹென்றி டேவிட் தோரோ 1817இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கான்கார்ட் என்னும் சிற்றூரில் பிறந்து, 1862இல் காசநோயால் அங்கேயே இறந்தவர். 1845 ஜூலை 4 அன்று, நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் ஏரிக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் குடியேறி, ஈராண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக அங்கு வாழ்ந்தார். அந்த வாழ்க்கையைப் பற்றிய நூல் 1854இல் வெளிவந்தது. நம்மில் பலர் அவரை அறிந்தது, காந்தியடிகள் மதித்துப் படித்த, வரி கொடுக்க மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்த மனிதராகத்தான்; அந்தச் சிறைவாசமும் அவர் ஏரிக்கரையில் வாழ்ந்த நாள்களில்தான் நடந்தது. ஆனால் பருவநிலை ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவர் குடிலில் வாழ்ந்த தோரோ அல்லர், ஊருக்குத் திரும்பிவந்து நில அளவைத் தொழில் செய்துகொண்டிருந்த பிற்காலத் தோரோ.

1850களின் தொடக்கத்திலிருந்து அவர் அநேகமாக நாள்தோறும் மணிக்கணக்கில் நடந்தார். எந்தச் செடியில் முதல் பூ எந்த நாளில் விரிந்தது, எந்த மரம் எப்போது துளிர்த்தது, எந்தப் பறவை எந்த நாளில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது என்று நாட்குறிப்பில் எழுதிவந்தார். பறித்த செடிகள் வாடாமல் வீடு வந்து சேர்வதற்காகத் தம் தொப்பிக்குள்ளேயே அவற்றை வைத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளில் இந்தக் குறிப்புகளை நாட்குறிப்பிலிருந்து பிரித்தெடுத்து, பெரிய தாள்களில் ஆண்டுகளைக் கட்டங்களாகவும் செடிகளை வரிசைகளாகவும் அமைத்துப் பட்டியலிடத் தொடங்கினார். அந்த வேலை முடிவதற்குள் இறந்துபோனார். நியூயார்க்கிலுள்ள மார்கன் நூலகத்தில் அவருடைய நாட்குறிப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. இலக்கிய ஆர்வலர்கள் நெடுங்காலம் இந்தப் பட்டியல்களைச் சற்று அலுப்போடுதான் பார்த்தார்கள். கவித்துவமான எழுத்தாளர் ஒருவர் வயதாக ஆக வெறும் கணக்கெழுதுபவராக வற்றிவிட்டார் என்று வருந்தியவர்களும் உண்டு. என் கணிப்பில், அவர் எழுதியவற்றுள் இன்று உலகுக்கு மிகுதியாகப் பயன்பட்டவை அந்தக் கணக்குகளே.

அந்தக் கணக்குகளில் அவர் காட்டிய துல்லியத்துக்கு எமர்சன் தரும் சான்று ஒன்று உண்டு. தோரோ இறந்தபின் எழுதிய நினைவுக் கட்டுரையில், அவரோடு ஒரு நாள் நடந்துபோனதை எமர்சன் விவரிக்கிறார். சட்டைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்த தோரோ, கடன் பத்திரங்களின் தவணை நாளை வங்கிக்காரர் சரிபார்ப்பதுபோல, அன்று பூக்க வேண்டிய செடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாராம். சிப்ரிபீடியம் என்ற ஆர்க்கிட் நாளைக்குத்தான் பூக்க வேண்டும் என்றும் சொன்னாராம். மயக்கத்திலிருந்து திடீரென இந்தச் சதுப்பு நிலத்தில் விழித்தெழுந்தால், சுற்றியுள்ள செடிகளைப் பார்த்தே ஆண்டின் எந்த நாள் என்பதை இரண்டு நாள் பிழைக்குள் சொல்லிவிட முடியும் என்று தோரோ நம்பியதாகவும் எமர்சன் எழுதுகிறார். இந்த நம்பிக்கையை இன்று சோதித்துப் பார்க்க முடிந்திருப்பதுதான் வால்டனின் தனிச்சிறப்பு.

தோரோவுக்குப் பிறகு, அதே ஊரில் கடை நடத்திவந்த ஆல்ஃபிரட் ஹாஸ்மர் என்பவர் அவர்மீது கொண்ட ஈடுபாட்டால் அதே வேலையைத் தொடர்ந்தார். 1878ஆம் ஆண்டிலும், பிறகு 1888 முதல் 1902 வரையிலும், 700க்கு மேற்பட்ட செடிவகைகளின் முதல் பூ நாள்களை அவர் குறித்துவைத்தார். 2003இல் பாஸ்டன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடைய மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் இந்த இரு தொகுப்புகளையும் கையில் எடுத்துக்கொண்டு, கான்கார்டின் காடுகளிலும் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் அதே செடிகளைத் தேடி, முதல் பூ நாள்களை மீண்டும் குறிக்கத் தொடங்கினார்கள். ஆகவே யார் உறுதியாகச் சொல்ல முடியும் என்ற கேள்விக்கு விடை, ஒரே ஊரை மூன்று காலங்களில் பொறுமையாக நடந்து பார்த்தவர்கள் சொல்ல முடியும் என்பதே. கணினி மாதிரிகளோ தொலைநோக்கு ஊகங்களோ இதில் முதன்மையானவை அல்ல.

அவர்கள் கண்டது இது. மூன்று காலங்களிலும் நன்கு பதிவான 43 செடிவகைகளை ஒப்பிட்டபோது, 2004 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில் அவை தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக 7 நாள் முன்பாகவே பூத்தன. சராசரி என்பதால் இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். தனித்தனியே பார்த்தால், புதர் ப்ளூபெர்ரி போன்றவை ஏறத்தாழ மூன்று வாரம் முந்திவிட்டிருந்தன. சில செடிகள் அநேகமாக அசையவே இல்லை. அண்மைக் காலப் பதிவுகளிலேயே மிகவும் வெப்பமான வசந்தங்களுள் இரண்டு 2010லும் 2012லும் வந்தபோது, வசந்த காலச் செடிகள் சராசரியாகவே ஏறத்தாழ மூன்று வாரம் முந்திப் பூத்தன. தோரோவின் காலத்தில் மே மாத நடுவில் பூத்துவந்த ப்ளூபெர்ரி, 2012இல் ஏப்ரல் தொடக்கத்திலேயே பூத்துவிட்டது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது பூக்கும் நாள் சுமார் 3 நாள் முந்துகிறது என்பது இத்தரவுகளிலிருந்து பெறப்பட்ட பொதுக் கணக்கு.

இந்த முறை கான்கார்டில் மட்டும் பொருந்துவது அன்று. விஸ்கான்சின் மாநிலத்தில் இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட் 1935 முதல் 1945 வரை குறித்துவைத்த பூக்கும் நாள்களையும், அவருடைய மகள் நினா பின்னாளில் அதே பகுதியில் தொடர்ந்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது, 2012இல் அங்கும் இதே அளவிலான முந்துதல் தெரிந்தது. ஆயிரம் மைல் இடைவெளியிலுள்ள இரு எழுத்தாளர்களின் குறிப்பேடுகள் ஒரே திசையைக் காட்டுவது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1852 முதல் 2006 வரை கான்கார்ட் பகுதியின் வெப்பநிலை சுமார் 2.4 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இது உலகச் சராசரியைவிடத் தெளிவாக அதிகம். இந்த உயர்வு முழுவதையும் உலகளாவிய வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பாஸ்டன் பெருநகரம் விரிந்து, சாலைகளும் கட்டடங்களும் வெப்பத்தைத் தேக்கிவைப்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதை ஆய்வாளர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். செடியைப் பொறுத்தவரை வெப்பம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். நமக்குத்தான் அந்த வேறுபாடு முக்கியம்.

இதைவிடக் கவலைக்குரிய முடிவு 2008இல் வெளியானது. ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் டேவிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரைமாக் குழுவுடன் சேர்ந்து பார்த்தபோது, தோரோ கண்ட செடிவகைகளில் சுமார் 27 விழுக்காடு கான்கார்டிலிருந்தே மறைந்துவிட்டன என்றும், மேலும் 36 விழுக்காடு விரைவில் மறைந்துபோகக்கூடிய அளவுக்கு அரிதாகிவிட்டன என்றும் தெரியவந்தது. இவ்வளவுக்கும் கான்கார்ட் காங்கிரீட்டால் மூடப்பட்ட ஊர் அன்று. அதன் இயற்கைப் பகுதிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தோரோவின் காலத்திலிருந்து கட்டடம் வராமல் தப்பியிருக்கின்றன. நிலம் இருக்கிறது, செடி இல்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

எந்தச் செடிகள் மறைந்தன என்பதில்தான் விடை இருக்கிறது. இழப்பு எல்லாக் குடும்பங்களிலும் சமமாக விழவில்லை. ஆர்க்கிட், லில்லி, வயலட், புதினா, ரோஜா போன்ற குடும்பங்களில் அது குவிந்திருந்தது. வெப்பமான ஆண்டில் முந்தியும் குளிரான ஆண்டில் பிந்தியும் பூக்கும் நெகிழ்வு உள்ள செடிகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. வெப்பம் எப்படி இருந்தாலும் ஏறத்தாழ அதே நாளில் பூத்துவந்தவைதாம் குறைந்துபோயின. நாள் மாறுவதே சேதம் என்றுதான் நாம் எளிதில் நினைத்துக்கொள்கிறோம். தரவோ அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. மூன்று வாரம் முந்திய ப்ளூபெர்ரிக்குப் பெரிய ஆபத்தில்லை. எமர்சன் கேட்க ‘நாளைக்குத்தான்’ என்று தோரோ தவணை சொன்ன ஆர்க்கிட்டின் குடும்பத்துக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களைச்செடிகள் இந்த நெகிழ்வில் உள்ளூர்ச் செடிகளை மிஞ்சுகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. நெகிழ்வுக்கும் பிழைத்திருப்பதற்கும் இடையே கண்ட இது தொடர்பு மட்டுமே, காரணத்தை நேரடியாக நிறுவிவிட்ட சோதனை அன்று. மான்கள் பெருகி மேய்வதும், மேய்ச்சல் நிலங்கள் மீண்டும் காடானதும், காற்றிலிருந்து மண்ணில் படியும் நைட்ரஜனும் இதே செடிகளை நெருக்குகின்றன. ஆயினும் இந்தக் காரணங்கள் மட்டும் என்றால், பூக்கும் நாளை மாற்றிக்கொள்ளாத செடிகளே இப்படித் தேர்ந்தெடுத்தாற்போல் குறைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மரங்களுக்கும் அவற்றின் அடியில் வாழும் செடிகளுக்கும் இடையே ஏற்பட்டுள்ள பிணக்கு இன்னும் நுட்பமானது. கான்கார்ட் உள்ளிட்ட அமெரிக்க வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக் காட்டின் தரையில் பூக்கும் சிறு செடிகளுக்கு ஆண்டில் சில வாரங்களே விருந்துக்காலம். பனி உருகி மண் சூடேறியபின், மேலேயுள்ள மேப்பிளும் ஓக்கும் இலைவிட்டு வானத்தை மூடுவதற்குமுன், அந்த இடைவெளியில் தரைக்கு வரும் வெயிலைக் கொண்டு அவை அந்த ஆண்டுக்குத் தேவையான உணவின் பெரும்பங்கைத் தயாரித்துக்கொள்கின்றன. இப்போது மரங்கள் தோரோவின் காலத்தைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பாகத் துளிர்க்கின்றன. தரைச்செடிகளோ ஒரு வாரம்தான் முந்தியிருக்கின்றன. ஆக, வெயில் கிடைக்கும் நாள்கள் இரு பக்கமும் ஒரே அளவில் நகரவில்லை. ஒரு முனையில் மட்டும் வெட்டுப்பட்டிருக்கின்றன. பிட்ஸ்பர்கிலுள்ள கார்னகி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மேசன் ஹெபர்லிங் தலைமையில் 2019இல் வெளியான ஆய்வு, தோரோவின் குறிப்புகளையும் இன்றைய ஒளி அளவீடுகளையும் இணைத்து இந்த இழப்பைக் கணக்கிட்டது. மரங்கள் துளிர்க்கும் நாள் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காட்டும் சான்று ஒன்றும் உண்டு: கான்கார்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத லோவெல் நகரத்தின் கல்லறைத் தோட்டத்தில் 1868 மே 30 அன்று எடுத்த நிழற்படத்தில் மரங்கள் இலையின்றி நிற்கின்றன, 2005இல் அதே நாளில் அதே இடத்தில் எடுத்த படத்தில் அவை முழுதும் தழைத்து நிற்கின்றன.

பறவைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோரோவும், அவருக்குப்பின் வில்லியம் புரூஸ்டர், லட்லோ கிரிஸ்கம் முதலிய பறவையியலாளர்களும் குறித்த வருகை நாள்களைத் தொடர்ந்து பார்த்தால், வலசைப் பறவைகளில் பலவற்றின் வருகை நாளில் பெரிய மாற்றம் இல்லை. தொலைவிலுள்ள தென் நிலங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்கு, கான்கார்டில் இந்த ஆண்டு வசந்தம் முந்திவிட்டதா என்பது புறப்படும்போது தெரிய வழியில்லை. அது பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் புறப்படுகிறது. செடியும் பூச்சியும் வெப்பத்தைப் பார்த்து விழிக்கின்றன.

இனி ஏரி. வால்டன், பனிப்பாறைக் காலத்தின் இறுதியில் மண்ணில் புதைந்து நின்ற பெரும் பனிக்கட்டி உருகியதால் உண்டான பள்ளத்தில் தேங்கிய நீர். பரப்பு ஏறத்தாழ 61 ஏக்கர். அதற்கு அடியே இல்லை என்று ஊரார் சொல்லிவந்ததை நம்பாத தோரோ, 1846இன் தொடக்கத்தில் உறைந்த ஏரியின்மேல் திசைகாட்டியும் சங்கிலியும் அளவுக்கயிறும் கொண்டு நடந்து அளந்து, மிக ஆழமான இடம் 102 அடி என்று கண்டார். அந்த அளவு இன்றும் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏரி உறைந்திருக்கும் காலம் மாறிவிட்டது. பனிக்கட்டி முற்றிலும் விலகிய நாள்களை அவரே நூலில் தருகிறார்: 1845இல் ஏப்ரல் 1, 1846இல் மார்ச் 25, 1847இல் ஏப்ரல் 8, 1851இல் மார்ச் 28, 1852இல் ஏப்ரல் 18, 1853இல் மார்ச் 23, 1854இல் ஏறத்தாழ ஏப்ரல் 7. சராசரி ஏப்ரலின் முதல் நாள்களில் விழுகிறது. அண்மைப் பதிற்றாண்டுகளில் அது மார்ச் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. 2012இல் ஜனவரி முடிவதற்குள்ளாகவே ஏரி திறந்துவிட்டது.

இந்தப் பனிக்கட்டிக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வணிகர்களின் ஆட்கள், ஐரிஷ் தொழிலாளர் நூறு பேர், நாள்தோறும் வந்து வால்டனின் பனியைக் கட்டிகளாக அறுத்தெடுத்தார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன் வரை எடுத்தார்கள் என்று தோரோ எழுதுகிறார். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டூடர் அப்போது அந்தப் பகுதி ஏரிகளின் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். அதைச் சேமித்துவைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். வெயிலில் வாடும் சென்னை மக்கள் தம் கிணற்றில் நீர் அருந்துகிறார்கள் என்று தோரோ மகிழ்ந்துபோய்க் கற்பனை செய்கிறார். உண்மையில் அந்தக் குளிர்காலத்தில் குவித்த ஏறத்தாழ பத்தாயிரம் டன் பனிக்கட்டியில் ஒரு பகுதிதான் வெளியே போனது. மிச்சம், மூடியிருந்த வைக்கோலும் பலகையும் அகற்றப்பட்ட பிறகும் கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுதும் உருகி ஏரிக்கே திரும்பியது. ஓர் ஏக்கர் பரப்பிலிருந்து ஆயிரம் டன் எடுக்கும் அளவுக்குத் தடித்த பனி உறுதியாக உறையும் என்று நம்பி இன்று யாரும் அங்கே முதல் போட மாட்டார்கள்.

நிலக்காட்சி என்று பார்த்தால், நீங்கள் காணப்போவது தோரோ கண்டதைவிடப் பசுமையாகவே இருக்கும். இது பலரை ஏமாற்றிவிடுகிறது. அவர் காலத்துக் கான்கார்டின் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும்தான். ஏரியின் ஓரமாக 1844இலேயே ரயில் பாதை வந்துவிட்டது. விறகுக்காக மரங்கள் தொடர்ந்து வெட்டப்பட்டன. போதாக்குறைக்கு, அதே 1844இல் தோரோவும் ஒரு நண்பரும் மீன் சமைப்பதற்கு மூட்டிய தீ பரவி நூற்றுக்கணக்கான ஏக்கர் காடு எரிந்துபோனது. பிறகு வேளாண்மை கைவிடப்பட்ட நிலங்களில் காடு தானே திரும்பிவந்தது. 1922இல் ஏரியைச் சுற்றிய நிலம் மாநிலத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. எனவே மரங்களை எண்ணிப் பார்த்து ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டுபவர், பூப்பட்டியலைப் பார்த்தால்தான் இழப்பை உணர்வார்.

ஏரி நீரின் தெளிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் பேர் அங்கே வருகிறார்கள். கோடையில் பலர் நீந்துகிறார்கள். கோடையில் ஏரியில் சேரும், பாசியை வளர்க்கும் ஊட்டச்சத்தான பாஸ்பரஸில் பாதிக்குமேல் நீந்துவோரின் சிறுநீரிலிருந்து வருவது என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் கணக்கு காட்டியது. 2018இல் கர்ட் ஸ்டேகர் குழுவினர் ஏரியடி வண்டலை ஆராய்ந்தபோது, 1920களிலிருந்தே ஏரியின் நுண்பாசிகள் மாறத் தொடங்கிவிட்டதைக் கண்டார்கள். இதுவரை நீரைத் தெளிவாக வைத்திருப்பதில் ஆழத்தில் புல்வெளிபோலப் படர்ந்துள்ள நிட்டெல்லா என்ற பாசிக்குப் பெரும் பங்குண்டு. அது ஊட்டச்சத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்தப் பாசிக்கு அடிவரை வெளிச்சம் போக வேண்டும். கோடை நீண்டு, நீர் சூடேறி, மேற்பரப்பில் நுண்பாசி பெருகினால் வெளிச்சம் குறையும். வெப்பம் கூடக்கூட நீந்த வருபவர்களும் கூடுவார்கள். ஏரியைப் புகழ்பெறச் செய்த நூலே இவ்வளவு கூட்டத்தையும் அங்கே அழைத்துவந்தது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். தோரோ மே மாத நடுவில் குறித்த பூக்களைப் பார்க்க வேண்டும் என்றால், பயணத்தை ஏப்ரல் கடைசிக்கும் மே முதல் வாரத்துக்கும் இடையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் மார்ச்சும் ஏப்ரலும் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் முந்திப் போவது நல்லது. மே நடுவில்தான் போக முடியும் என்றாலும் காடு அழகாகவே இருக்கும், ஆனால் மேலே இலைகள் அநேகமாக மூடியிருக்கும், தரைப்பூக்களில் பலவும் முடிந்திருக்கும். குடில் இருந்த இடத்தைக் கல்தூண்கள் நட்டு அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். வாகன நிறுத்தத்துக்கு அருகில் காணப்படும் குடில் பின்னாளில் செய்த மாதிரிதான். நூலோடு, அவருடைய நாட்குறிப்பில் மே மாதப் பகுதியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் எந்த நாளில் எதைப் பார்த்தார் என்பது அதில்தான் கிடைக்கும்.